சண்டை பிரமாதம், கதைதான் இல்லை: அப்படியென்றால் எது இல்லை?

காரைக்குடியில் ஒரு ஆக்‌ஷன் படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தோடு நடந்தால், வண்டி எடுக்கிற இடம் வரைக்கும் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "ஃபைட்டெல்லாம் செமயா இருந்துச்சு மாப்ள. கதைதான் ஒண்ணுமில்ல."

எது இல்லை என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். ஏனென்றால் கதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கதாநாயகன் இருக்கிறான், வில்லன் இருக்கிறான், ஏதோ ஒரு பொருள் திருடுபோகிறது, நடுவில் நல்லவர் ஒருவர் சாகிறார், கடைசியில் வில்லன் தோற்கிறான். இத்தனையும் இருந்தும் ஏதோ குறைகிறது என்று மனசு சொல்கிறது. குறைவது கதைப்பின்னல். கதை என்பது என்னென்ன நடந்தது என்பது. கதைப்பின்னல் என்பது ஒன்று நடந்ததால் இன்னொன்று எப்படி நடந்தது என்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் படம் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

எனக்கு அது பிடிபட்டது புத்தகத்தில் அல்ல, ஒரு வீட்டு முற்றத்தில்.

எங்கள் பக்கத்துக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் சென்னைக்குப் போவதற்கு முன்னால் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ போட்டிருந்தார். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். இன்றைக்கும் செட்டிநாட்டு வீடுகளைத் தேடிப் படக்குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சண்டைக் காட்சி எடுத்தார்கள். யூனிட்டுக்குச் சாப்பாடு என் சித்தப்பா பொறுப்பு. அவருக்கு ஒத்தாசையாக நானும் போயிருந்தேன்.

எடுக்கவேண்டிய காட்சி இதுதான். கதாநாயகன் மேல்மாடி வராந்தாவில் நிற்கிறான். கீழே ஒருவன் முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவைத் தாண்டி ஓடுகிறான். கதாநாயகன் கைப்பிடிச் சுவரில் கால் வைத்து, கீழே முற்றத்துக்குள் குதித்து அவனைப் பிடிக்கிறான். குதிக்கப்போவது நடிகர் அல்ல, அவருடைய டூப். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. விடிந்ததிலிருந்து முற்றத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிவி, வாஷிங் மெஷின் வருமே, அந்த மாதிரி வெற்றுப் பெட்டிகள். அவற்றின் மேல் மெத்தை. பெட்டி நசுங்க நசுங்க விழுகிறவனின் வேகத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பெயர்ந்துவிடக்கூடாது என்று தரையில் சாக்கு விரித்திருந்தார்கள்.

உயரம் பதினைந்து அடி இருக்கும். பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தால், அங்கிருந்து கீழே வர ஒரு நொடிதான் ஆகும். தரைக்கு வரும்போது வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர். ஓடுகிற மொபெட்டிலிருந்து விழுவதற்குச் சமம். அந்தப் பையன் மேலே நின்று பெட்டிகளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், ஸ்டண்ட் மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மாஸ்டர் 'ஆக்‌ஷன்' என்று கத்தியதும் குதித்துவிட்டான். பரிமாறுவதற்காக இலைக்கட்டைக் கையில் வைத்திருந்த சித்தப்பா அதைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை பேரும் மூச்சு விடவில்லை. அவன் எழுந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் வீடு முழுக்கக் கைதட்டல்.

அப்புறம் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். அதே வீடு, அதே வராந்தா. மெதுவாக ஓடும்படி அதிக ஃபிரேமில் எடுத்திருந்தார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடவேண்டிய இடத்தில் 48 எடுத்தால், ஒரு நொடிக் குதிப்பு திரையில் இரண்டு நொடியாக நீளும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எனக்கு முன்வரிசையில் இருந்த பையன் அந்த நேரத்தில் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கில் ஒருவரும் மூச்சைப் பிடிக்கவில்லை. முற்றத்தில் நாற்பது பேரை நிறுத்திய குதிப்பு, திரையில் ஏன் யாரையும் நிறுத்தவில்லை? எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. பல நாள் யோசித்தேன்.

முற்றத்தில் நின்ற எங்களுக்கு விஷயம் தெரியும். அவன் நிஜப் பையன், பெட்டி தப்பினால் கால் போகும், வெயில் ஏறுவதற்குள் எடுத்தாகவேண்டும். எதை இழக்கக்கூடும், எதற்காகச் செய்கிறான், எது தடை என்று மூன்றும் கண்ணெதிரே இருந்தன. தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மூன்றையும் கதைதான் சொல்லவேண்டும். கதை சொல்லவில்லை. ஓடுகிறவனிடம் ஏதோ ஹார்ட் டிஸ்க் இருக்கிறதாம். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவன் தப்பித்தால் யாருக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. பிடித்த அடுத்த நிமிஷம் அவனை யாரோ சுட்டுவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் கதாநாயகன் சென்னையில் இருக்கிறான். அந்தக் குதிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் படம் அதே இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க வடமாடு மஞ்சுவிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைச் சீமையில் பார்க்காதவர்கள் குறைவு. வட்டமான களம். நடுவில் நீளமான வடத்தில் மாட்டைக் கட்டியிருப்பார்கள். எதிரே வழக்கமாக ஒன்பது பேர் கொண்ட குழு. இருபது நிமிஷம் போல நேரம் கொடுப்பார்கள். அதற்குள் மாட்டை அடக்கினால் பரிசு குழுவுக்கு, இல்லாவிட்டால் மாட்டுக்காரருக்கு. வடம் எதுவரை எட்டும் என்பது மாட்டுக்கும் தெரியும், பிடிக்கிறவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். அந்த எல்லைக்குள் ஒருவன் காலடி எடுத்து வைக்கும்போது கூட்டம் அப்படியே அமைதியாகும். பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டால் அமைதியின் தன்மையே மாறும். மாடு அதே மாடு, ஆள் அதே ஆள். நேரம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வடத்தை அறுத்துவிடுங்கள். நேரக் கணக்கையும் எடுத்துவிடுங்கள். யாருக்குப் பரிசு என்பதையும் சொல்லாதீர்கள். மாடும் ஆட்களும் அதே வேகத்தில்தான் பாய்வார்கள். தூசியும் அதே அளவுக்குப் பறக்கும். கொஞ்ச நேரம் வாய் பிளந்து பார்ப்போம், பிறகு கடலை வாங்கப் போய்விடுவோம். பின்னல் இல்லாத ஆக்‌ஷன் படம் நம்மை அப்படித்தான் ஆக்குகிறது. எல்லை, நேரம், பந்தயம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே நம் கையில் கொடுப்பதுதான் திரைக்கதையின் வேலை. கொடுக்காமல் விட்டுவிட்டு ஸ்டண்டை மட்டும் பெரிதாக்கினால், மாடு எத்தனை உயரம் துள்ளினாலும் பயனில்லை.

காரணத்தை முன்னாலேயே விதைத்துவைப்பது எப்படி என்பதற்கு நமக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளும் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்குகிற சிலப்பதிகாரமே போதும். மதுரை அரசவையில் கண்ணகி செய்கிற காரியத்தை வெறும் செயலாகப் பார்த்தால் மிகச் சின்னது. ஒரு சிலம்பை எடுத்து உடைக்கிறாள். அதில் பாய்ச்சல் இல்லை, வாள் இல்லை, இரண்டு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நொடியில் ஒரு அரசன் செத்து விழுகிறான், ஒரு நகரம் எரியப்போகிறது. எங்கிருந்து வந்தது அந்தக் கனம்? அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். விற்கக் கொண்டுவந்த சிலம்போடு கோவலன் போய் நிற்பதும் அவனிடமே. அதனால் பழி கோவலன் மேல் விழுகிறது. அரசன் தீர விசாரிக்கவில்லை, அதனால் கோவலன் வெட்டுப்படுகிறான். கண்ணகி வருகிறாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் சொல்கிறாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் சொல்கிறாள். இவ்வளவும் ஆன பிறகுதான் சிலம்பு உடைகிறது. தெறித்தது மாணிக்கம்.

முத்து, மாணிக்கம் என்ற அந்த ஒரு பேச்சை எடுத்துவிட்டுப் பாருங்கள். உடைப்பது வெறும் கோபமாகிவிடும். அது இருப்பதால் உடைப்பது சாட்சியாகிறது. ஆக்‌ஷன் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். செய்கிறவர் ஒரே ஒரு காரியம் செய்கிறார், அதற்குப் பிறகு உலகம் முன்போல் இல்லை.

சரி, படம் பார்க்கும்போது பின்னல் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வழி காட்டியது என் அப்பத்தா. டிவியில் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். "இப்ப எதுக்குடா அடிச்சுக்கிறாய்ங்க?" என்பார். சின்ன வயசில் இது எரிச்சலாக இருக்கும். இப்போது யோசித்தால், ஒரு திரைக்கதைக்கு வைக்கக்கூடிய மிகச் சரியான பரீட்சை அதுதான். ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் படம் நன்றாக இருக்கிறது. "அவன் தம்பியத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க அப்பத்தா, எங்க வச்சிருக்காய்ங்கன்னு இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்" என்று சொன்னால் அவரும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார். "அது வந்து, முதல்ல ஒருத்தன் வந்தானா" என்று நாம் இழுத்தால், அவர் திரும்ப அடுப்படிக்குப் போய்விடுவார்.

இன்னொரு வழியும் உண்டு. படம் பார்க்காத ஒருவருக்குக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நடுவில் எந்தச் சொல் வருகிறது என்று கவனியுங்கள். "அப்புறம் துறைமுகத்துல ஒரு ஃபைட்டு, அப்புறம் ட்ரெயின்ல ஒரு ஃபைட்டு, அப்புறம் வெளிநாட்டுல ஒரு சேஸிங்" என்று 'அப்புறம்' மேல் 'அப்புறம்' வந்தால் அந்தப் படம் மாலை அல்ல, குவித்துவைத்த பூ. "அதனால", "ஆனா" என்று சொல்ல நேர்ந்தால் நாரில் கட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். துறைமுகத்தில் அவனைக் கொல்லாமல் விட்டான், அதனால் அவன் ட்ரெயினில் வந்து நிற்கிறான், ஆனால் இப்போது இவன் கையில் துப்பாக்கி இல்லை. சொல்லிப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நிறையப் பேர் கதை இல்லை என்பதையும் லாஜிக் இல்லை என்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒரு ஆள் இருபது பேரை அடிக்கிறான், கார் மேலே பறந்து இன்னொரு காரின் மேல் விழுகிறது, இதெல்லாம் லாஜிக் சம்பந்தப்பட்டது. எனக்கு அதில் பெரிய குறை கிடையாது. நம் ஊர்க் கூத்தில் வீமன் மரத்தைப் பிடுங்கி அடிப்பான், யாரும் மரத்தின் எடையைக் கேட்டதில்லை. திரை போடுகிற விதியைத் திரையே மதித்தால் போதும். பறக்கிற கார் படத்தைக் கெடுப்பதில்லை. பறந்து விழுந்த பிறகும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால் அதுதான் கெடுக்கும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தவன் சட்டையைத் தட்டிவிட்டு நடந்தால், அடுத்த முறை அவன் பத்தாவது மாடியில் தொங்கினாலும் நாம் பயப்படமாட்டோம். பயப்பட வேண்டாம் என்று படமே நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

சண்டை நடக்கிற இடம் புரிவதும் பின்னலைச் சேர்ந்ததுதான். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால் நேர்கோட்டில் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று அடுத்த தெரு வாசல் வரை கண் போகும். அங்கே ஒருவனை ஓடவிட்டால், இன்னும் எத்தனை நிலைவாசலைத் தாண்டவேண்டும் என்று பார்க்கிறவன் எண்ண முடியும். எண்ண முடிந்தால்தான் பதற முடியும். நான் சொன்ன படத்தில் அந்த வீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, முன்கதவையும் பின்கதவையும் மாற்றி மாற்றிக் காட்டியிருந்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கே எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று தெரியவில்லை. ஓட்டப் பந்தயத்தில் கோடு எங்கே என்று தெரியாமல் கைதட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

நல்ல ஸ்டண்டும் மெலிந்த கதையும் ஒரே படத்தில் எப்படிச் சேர்கின்றன என்று யோசிப்போம். சண்டைக்குத் தேதி, ஆள், வாகனம், வீட்டு வாடகை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும், அதனால் அதற்குத் திட்டம் இருக்கும். ஒத்திகை இருக்கும். பார்த்துச் சொல்ல அனுபவப்பட்ட மாஸ்டர் இருப்பார். திரைக்கதையைக் காகிதத்தில் திருத்தச் செலவே இல்லை, அதனாலேயே அதைத் தள்ளிப்போட முடிகிறது. அப்புறம் படத்தொகுப்பில் நீளத்தைக் குறைக்கவேண்டி வரும்போது, இவ்வளவு செலவு செய்து எடுத்த சண்டையில் கை வைக்க யாருக்கும் மனசு வராது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சிதான் போகும். அந்தப் பேச்சில்தான் முத்தும் மாணிக்கமும் இருந்திருக்கும். இன்னொன்று, சண்டைக்கு மொழி தேவையில்லை. இந்தியில், தெலுங்கில் டப்பிங் செய்தாலும் அடி அடிதான். பல மொழியில் விற்கவேண்டிய படத்தில் சண்டைக்கு இடம் கூடுவது இயல்பு.

இதைச் சொல்வதால் ஸ்டண்ட் கலைஞர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் ஆதங்கமே அவர்களுக்காகத்தான். அந்தக் கலைக்கு மரியாதை வரவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. தேசிய விருதில் சண்டைப் பயிற்சிக்கு என்று தனியாக முதலில் கொடுத்தது 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில்தான். 'புலிமுருகன்' என்ற மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். ஆஸ்கரில் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டண்டுக்கு விருது தொடங்குகிறது. 2028இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் முறையாகக் கொடுப்பார்கள். ஆனால் ஆபத்து என்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கானாடுகாத்தான் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒருவர் உடம்பைக் கொடுத்துச் செய்கிற காரியத்துக்குக் காரணம் எழுதிக் கொடுப்பது, அதை எழுதுகிறவர் செய்யவேண்டிய குறைந்தபட்ச வேலை.

அந்தக் குதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதைக் காப்பாற்றப் புதிதாக ஒரு ரூபாய் செலவு வேண்டாம். ஹார்ட் டிஸ்கை மறந்துவிடுங்கள். ஓடுகிறவனுக்கு மட்டும்தான் கதாநாயகனின் தம்பி எங்கே அடைபட்டிருக்கிறான் என்று தெரியும் என்று வையுங்கள். பின்தெருவில் ஒரு வேன் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது என்று முன்னாலேயே ஒரு தடவை காட்டிவிடுங்கள். இப்போது இவனுக்குப் படிக்கட்டில் இறங்க நேரமில்லை, அதனால் குதிக்கிறான். பிடித்த பிறகும் ஓங்கி அடிக்க முடியாது, ஓடியவன் மயங்கிவிட்டால் தம்பி போய்விடுவான். கையில் பலம் இருந்தும் அடக்கிக்கொண்டு சண்டை போடுகிறவனைப் பார்ப்பதுதான் வடமாடு பார்ப்பது போன்ற பதற்றம். அதே பெட்டிகள், அதே பதினைந்து அடி, அதே பையன்.

அன்றைக்கு அந்தக் காட்சியை மூன்று டேக் எடுத்தார்கள். மூன்றாவது முறை விழுந்து எழுந்தபோது அவன் வலது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி வைத்தான். "ஓகேவா மாஸ்டர், இன்னொண்ணு போலாமா?" என்று கேட்டான். போதும் என்றார்கள். சாப்பாட்டு வரிசைக்கு வரும்போதும் நொண்டிக்கொண்டுதான் வந்தான். சித்தப்பா அவனைத் திண்ணையில் உட்காரச் சொல்லி இலையை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார். படத்தில் அடுத்த ஷாட்டில் கதாநாயகன் முகப்பைத் தாண்டி நேராக, மிடுக்காக நடந்து போகிறான். அந்த நொண்டல் படத்தில் இருந்திருக்க வேண்டும்.